அடுப்புக்கு மேல் சம்பங்கிக் கிழங்கு

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கென்று இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்புக்கு மேலே ஈரத்துணி காயும் கொடியில் ஒரு சாக்குப்பை தொங்குகிறது. உள்ளே இருப்பது சம்பங்கிக் கிழங்கு. துறையூர்ப் பக்கம் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நம் ஊரில் சம்பங்கியை ஒருமுறை ஊன்றினால் மூன்று நாலு வருஷம் அது பாட்டுக்குப் பூக்கும். அதைத் தோண்டி அடுப்பில் காய வைத்தவள் உண்டா? இலங்கை மலைமேல் இந்த அக்கரப்பத்தனையில் மழைக்கு முன்னால் தோண்டாவிட்டால் கிழங்கு அழுகிக் கூழாகிவிடும்.

கல்யாணமாகிக் கப்பலேறியபோது ஆறு கிழங்கை மடியில் முடிந்து வந்தேன். வந்த வருஷமே வாசலில் ஊன்றினேன். இலை வந்தது, பூ வரவில்லை. மழை பிடித்து இலை மஞ்சளாகும்போது, துரை பங்களாத் தோட்டக்காரர் பண்டா கேட்காமல் கொள்ளாமல் வந்து சுரண்டியால் தோண்ட ஆரம்பித்தார். பக்கத்துச் சிங்களக் கிராமத்து மனுஷன். கிழங்கைத் திருடுகிறான் என்று நான் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. அவர் கோபப்படவில்லை. அழுகிய ஒன்றை விரலால் நசுக்கிக் காட்டி, மிச்சத்தை என் கையில் வைத்து, "தண்ணி ரொம்பக் கூட, நங்கி. அடுப்பு மேல போடு" என்றார். நங்கி என்றால் தங்கச்சி என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் செல்வி பிறந்தாள். வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் ஊன்றுவேன். மழைக்கு முன்னால் தோண்டுவேன். பூ மட்டும் கிடையாது. நடக்க ஆரம்பித்ததிலிருந்து குழிக்கு ஒன்றாகக் கிழங்கை வைப்பது அவள் வேலை. "இந்தப் பூ எப்படிம்மா மணக்கும்?" என்பாள். கொழுந்துக் கூடையை இறக்கிய களைப்பில் எனக்கு எரிச்சல்தான் வரும். "பூத்தா நீயே தெரிஞ்சுக்குவ, போடி." மல்லிகை மாதிரி என்று சொல்ல அவள் மல்லிகையும் கண்டதில்லை. ஆனாலும் எதையாவது சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லியிருக்கலாம்.

ஆறாவது வயசில் நெஞ்சுச்சளி கண்டு நாலே நாளில் போய்விட்டாள். தேயிலை மலைக்கு மேலே இடுகாட்டில் வைத்தோம். அந்த வருஷம் சாக்கிலிருந்து கிழங்கை எடுத்து ஊன்ற எனக்குக் கை எழவில்லை. பண்டாதான் அதில் ஒன்றை வாங்கிப் போய்த் தகரத்தில் ஊன்றி, தேயிலை ஸ்டோரில் கொழுந்து வறுக்கும் அடுப்புச் சுவரோரம் வைத்திருக்கிறார். அந்தச் சூட்டில் அது பூத்துவிட்டது. "நங்கி, பூ வந்தது" என்று சிரித்தபடி தூக்கி வந்தார். எங்கள் ஊர் வாசம் காம்பரா முழுக்க நிறைந்தது. எனக்குத் தகரத்தை எட்டி உதைக்கத்தான் தோன்றியது. என் முகத்தைப் பார்த்து அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு பூத்தண்டை அவள் தலைமாட்டில் வைத்து, கிழங்கையும் அங்கேயே ஊன்றினேன்.

மழைக்கு முன்னால் தோண்ட வேண்டும் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த மண்ணில் சுரண்டியை இறக்கப் பெற்றவளுக்கு மனசு வருமா? அங்கே வருஷத்துக்கு ஒன்று ஊன்றுகிறேன். வருஷத்துக்கு ஒன்று அழுகுகிறது.

இப்போது லயமெல்லாம் ஊருக்கே திருப்பி அனுப்பும் கப்பல் பேச்சு. என் வீட்டுக்காரரும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை சாக்கைக் கொட்டி, பாதியை எனக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பண்டாவிடம் கொடுத்தேன்.

"வருசத்துக்கு ஒண்ணு அவகிட்ட வைங்கண்ணே. ஆனா தோண்டிராதீங்க."

"அழுகிப் போகும், நங்கி."

"போகட்டும். வைக்கிறதுதான் அவ வேல."

அவர் தலையாட்டிக் கிழங்கை வாங்கிக்கொண்டார்.

என் பங்கு திரும்பவும் கொடியில் தொங்குகிறது. துறையூர் மண்ணில் அது ஊன்றிய வருஷமே பூக்கும். பொழுது சாய்ந்தால் தெருவெல்லாம் மணக்கும். அந்த வாசத்துக்கு நடுவில் நான் எப்படி இருப்பேன், சொல்லுங்கள்.