ஐந்து காட்டினால் மூன்று

சகாயநாதன் மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தாறு. அதிகம் பேசாத மனிதர் என்று டிரைவர்கள் நடுவே அவருக்குப் பெயர். அது சுத்தப் பொய். அங்கே இருக்கிற அத்தனை டிரைவர்களும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பேசுவதை அவர் ஒருவரே வீட்டில் பேசித் தீர்ப்பார். வாயால் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அவருடைய மனைவி நிம்மிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்.ஆர். மொஹல்லாவில் ஒரு பேக்கரியில் கேக்குகளுக்கு க்ரீமால் பூப்போடும் வேலை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பேச்சு வந்தபோது, பெண்ணுக்குக் காது கேட்காது, ஆனால் குணம் தங்கம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ‘ஆனால்’ சகாயநாதனுக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து அவளிடமே சைகை மொழி கற்றுக்கொண்டார். முதல் மாதம் அவர் உப்பு கேட்டால் சோப்பு வந்தது. நிம்மி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மறுபடி சொல்லிக்கொடுப்பாள்.

காது கேளாதவர்கள் ஒருவரை ஒருவர் எழுத்துக் கூட்டிக் கூப்பிடுவதில்லை. ஆளுக்கு ஒரு சைகைதான் பேர். சகாயநாதனுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கை. நிம்மி பள்ளிக்கூடத்தில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தூங்கி வழிவாளாம். அதனால் ஐந்து விரலையும் சேர்த்து உள்ளங்கையைக் கன்னத்தில் பதித்தால் அது நிம்மி. சகாயநாதனின் அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை இது ஒப்பவில்லை. ‘எந்தக் கப்பல்டா கவுந்துபோச்சு, எப்பப் பாரு கன்னத்துல கையி?’ என்று மகனைத் திட்டிக்கொண்டே இருந்தார். மருமகளின் பேரே அதுதான் என்று யார் சொல்லியும் ஏறவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, ஒரு முண்டு தட்டுப்பட்டது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை, இன்னொரு காய்ப்பு என்று விட்டுவிட்டார். வலி இல்லை. வலி இல்லாத வியாதியை யார் மதிக்கிறார்கள்? முண்டு நீண்டு தோலுக்கடியில் கயிறு மாதிரி ஆனது. கயிறு மோதிர விரலை இழுத்தது, பிறகு சுண்டு விரலையும் சேர்த்து இழுத்தது. இரண்டும் மடங்கின. இன்னும் மடக்க முடிந்தது, நிமிர்த்த முடியவில்லை. கூட வேலை செய்யும் மல்லப்பன் விளக்கெண்ணெய் போட்டு நீவச் சொன்னார். நீவியதில் சட்டைதான் கறையானது.

மடங்கிய விரலோடு ஸ்டியரிங் பிடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. பேசுவதில்தான் கஷ்டம். அவருடைய கைக்கு நாக்குக் குழறியது. கன்னத்தில் கை வைத்தால் உள்ளங்கை பதியாமல் இரண்டு முட்டிகளும் தாடையில் குத்தின. பல்வலிக்காரன் தாடையைப் பிடித்துக்கொள்கிற மாதிரியே இருக்கும். ‘எந்தப் பல்லு?’ என்று நிம்மி ஒவ்வொரு தடவையும் கேட்பாள். கொஞ்ச நாளில் அந்தக் கிண்டல் நின்றுபோனது. அவளுக்கு அலுத்துவிட்டது என்று சகாயநாதன் நினைத்துக்கொண்டார். நினைக்கையில் மனசு வலித்தது. இடது கையால் பேசிப் பார்த்தார். இடது கையால் கையெழுத்துப் போடுகிற மாதிரிதான் வந்தது.

இந்த ஏப்ரலில் அது நடந்தது. காலை ஏழு நாற்பதுக்கு அவருடைய பஸ் பேக்கரியைத் தாண்டும். எதிர்ச்சாரியில் நிம்மி நிற்பாள். சாயங்காலம் எத்தனை மணிக்கு டியூட்டி முடியும் என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு ஹெப்பாளிலிருந்தே இருவரும் சேர்ந்து துணிக்கடைக்குப் போவதாகத் திட்டம். அவர் ஐந்து காட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியிருக்க, கட்டைவிரலும் ஆள்காட்டியும் நடுவிரலும்தான் வெளியே தெரிந்தன. அவர்கள் வீட்டில் அது மூன்று.

நிம்மி அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்று மணிக்குக் கம்பெனி கேட்டில் போய் நின்றாள். டியூட்டியில் டிரைவர்களின் போன் லாக்கரில் இருக்கும், அவள் அனுப்பிய மெசேஜ் அங்கேயே கிடந்தது. செக்யூரிட்டிக்காரர் பின்னாலிருந்து அதட்டியிருக்கிறார், இவள் திரும்பவில்லை. கிட்டே வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும், புருஷன் பேரைச் சொல்கிற நினைப்பில் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டியிருக்கிறாள். கேலி செய்கிறாள் என்று எண்ணி அவர் அவளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார். அங்கே நிழல் கிடையாது. ஐந்தே காலுக்கு சகாயநாதன் வந்தபோது நிம்மியின் முகம் வெந்து சிவந்திருந்தது. அவள் சண்டை போடவில்லை. ‘நான்தான் தப்பாப் படிச்சேன்’ என்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மறுநாளே எலும்பு டாக்டரிடம் போனார். கையை மேஜைமேல் தட்டையாக வைக்கச் சொன்னார் டாக்டர். கை கூடாரம் அடித்து நின்றது. இதற்கு டூபுட்ரான் என்று யாரோ ஒரு பிரெஞ்சு டாக்டரின் பேராம். உள்ளங்கையைத் திறந்து அந்தத் தடித்த கயிற்றை எடுத்துவிடலாம், தையல், கட்டு, பிறகு பயிற்சி, கை பழையபடி வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவரை பேச முடியுமா என்று சகாயநாதன் கேட்டார். பேசுவதற்கு வாய்க்கு என்ன வந்தது என்று டாக்டர் சிரித்தார். தப்பு அவர்மேல் இல்லை. ஆனாலும் சகாயநாதனுக்கு எழுந்து வந்துவிடலாம்போல் இருந்தது, எழுந்து வந்தும்விட்டார். மூன்று மாதம் வீட்டில் ஊமையாக உட்கார்ந்திருக்க அவர் தயாராக இல்லை.

பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள் கேரல்தான் வேறு வழி தேடிப் பிடித்தாள். கத்தி வேண்டாம், ஊசி முனையாலேயே அந்தக் கயிற்றை அங்கங்கே அறுத்து விரலை நிமிர்த்துகிறார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அதைச் செய்கிற கை டாக்டர் உமாதேவி சனிக்கிழமைகளில் மைசூருக்கு வருகிறார்.

உமாதேவி கொள்ளேகாலத்துக்காரர். கையைப் புரட்டி, அழுத்தி, ஒவ்வொரு மூட்டாக ஆட்டிப் பார்த்தார். எல்லார் கைக்கும் இது சரிப்படாது, இவருடைய கயிறு தனியாகத் தெரிவதால் செய்யலாம் என்றார். அப்புறம் ஒளிக்காமல் சொன்னார்.

“ஏனுங்க, மோதிர விரலு நல்லா நிமிந்துருமுங்க. சுண்டு விரலு கொஞ்சம் பாக்கி நிக்கும். இன்னொண்ணு, ஊசியில பண்ணுனா சில வருசத்துல திரும்ப மடங்க வாய்ப்பு அதிகமுங்க. ஆபரேசன்ல அது கம்மி. யோசிச்சுச் சொல்லுங்க.”

“எத்தனை நாள்ல டாக்டர் கையை ஆட்டலாம்?”

“இன்னிக்கே ஆட்டோணுமுங்க.”

யோசிக்க ஒன்றுமில்லை என்றார் சகாயநாதன்.

ஜூன் மாதம், இரண்டாவது சனிக்கிழமை. வெளியே காத்திருந்தபோது நிம்மி பள்ளித்தோழி சரசுவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். இடது கையில் போன், வலது கையில் பேச்சு. ஏதோ பழைய கதைக்கு நடுவே தன் பேரைச் சொன்னாள். சகாயநாதன் திடுக்கிட்டார். கன்னத்தில் வைத்த அவள் கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியிருந்தன. உடனே இன்னொரு தடவை சொன்னாள். அப்போதும் மடங்கியிருந்தன. இவளுக்குமா? கேட்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளங்கையில் மட்டும் லேசாக மரத்துப்போக மருந்து போட்டார்கள். விரல் நுனியில் ஷாக் அடித்த மாதிரி இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும், நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம் என்றார் டாக்டர். ஊசி முனை கயிற்றில் ஏறி இறங்குவது கரகரவென்று தெரிந்தது. ஒரு தடவை சுண்டு விரலில் சுரீர் என்றது. சொன்னார். டாக்டர் ஊசியை வெளியே எடுத்து வேறு இடத்தில் குத்தினார். பிறகு விரலைப் பிடித்து மெல்லப் பின்னால் வளைத்தார். நெட்டி முறிகிற சத்தம் கேட்டது. இன்னொன்று. நிம்மிக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் கணவன் முகத்தைப் பார்த்தே கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப மேசைமேல வைங்க.”

வைத்தார். கை படிந்தது. சுண்டு விரல் மட்டும் ஒரு பென்சில் நுழைகிற அளவுக்கு எழும்பி நின்றது. நான்கைந்து ஊசித் துளைகள், அதன்மேல் சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். விரல் நிமிர்ந்தே இருக்க ராத்திரியில் போட ஒரு பட்டை கொடுத்தார்கள்.

சகாயநாதன் சந்தோஷப்படவில்லை. மனைவியின் கையையும் பார்க்க வேண்டும் என்று டாக்டரைக் கெஞ்சினார். அவளுக்கும் ஆரம்பித்துவிட்டது, என் கண்ணால் பார்த்தேன் என்றார். உமாதேவி நிம்மியின் கையை வாங்கி அழுத்திப் பார்த்தார், மேஜைமேல் வைக்கச் சொன்னார். தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி கை பரந்து உட்கார்ந்தது. இவங்க கையில ஒண்ணுமில்லையே என்றார். அப்புறம் எதற்கு விரலை மடக்குகிறாள்?

நிம்மியிடம் கேட்டார்கள். அவள் கணவனைப் பார்த்துச் சொன்னாள். டாக்டருக்குச் சைகை தெரியாது. சகாயநாதன்தான் குரல் கொடுத்தாக வேண்டும். இத்தனை வருஷமும் கடையில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் அவள் சொன்னதையெல்லாம் ‘நான்’ என்றே சொல்லிப் பழகியவர்.

“ரெண்டு வருஷமா என் பேரு இப்படித்தான், டாக்டர். அவரு கையில இப்படித்தான் வந்துச்சு. எல்லாரும் ஒரு மாதிரிச் சொல்லி, அவரு ஒருத்தரு மட்டும் வேற மாதிரிச் சொன்னா, அவரு சொல்றது தப்புன்னு ஆயிடும். அதனால நானே மாத்திக்கிட்டேன். சரசுகிட்ட சொன்னேன், கேரலுகிட்ட சொன்னேன். எல்லாரும் இப்ப…”

நிம்மி சொல்லி முடித்துவிட்டு, இன்னும் ஏன் சொல்லவில்லை என்பதுபோல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உமாதேவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிச்சத்தை அவர் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வண்டி எடுத்தார். ஏழு நாற்பது. பேக்கரிக்கு எதிரே வேகத்தைக் குறைத்து ஜன்னலில் கையைக் காட்டினார். ஐந்து விரல், விரிந்து. எதிர்ச்சாரியிலிருந்து நிம்மியும் ஐந்து காட்டினாள். அது சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு, நன்றாக நிமிர்ந்திருந்த மோதிர விரலையும் பாதி நிமிர்ந்த சுண்டு விரலையும் தானே மடக்கிக்கொண்டு, கையைக் கன்னத்தில் வைத்தார்.

முன் சீட்டில் இருந்த பெண் பிள்ளை ஒன்று இதைப் பார்த்துவிட்டு, பல்வலியா அண்ணா என்று கன்னடத்தில் கேட்டது.

பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதம்மா, அது என் வீட்டுக்காரியின் பேர் என்றார் சகாயநாதன்.