பார்க்காமல் எறிய வேண்டிய கட்டம்

வெட்டிய சரிவில் புல் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. மீட்டருக்கு மீட்டர் ஒரு மரக் கட்டம். சரிவுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே பின்னால் எறிய வேண்டும். விழுந்த இடத்தில், கட்டத்துக்குள் எவ்வளவு புல், எவ்வளவு வெறும் மண் என்று எழுத வேண்டும். இப்படிப் பத்து முறை. திரும்பிப் பார்த்து எறியக் கூடாது. பார்த்தால் கை பச்சையைத்தான் தேடும்.

பத்தொன்பது வருடமாக இப்படி அளந்து கையெழுத்துப் போடுபவர் அவர்; ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. சாலை வெட்டினாலும் குழாய் புதைத்தாலும், "கட்டக்காரர் வந்துட்டாருடா" என்பார்கள் பொக்லைன் ஓட்டுநர்கள். "சாப்பாட்டு நேரம் வந்தா மட்டும் மனுஷன் நேரா திரும்பி நடப்பாரு."

இந்த முறை வேலை அவருடைய அக்கா வீட்டுக்கு மேலேயே வந்தது. சரிவின் அடியில் முதல் வீடு. லாரி போனால் சுவர் அதிரும். அலமாரிப் பாத்திரங்களையெல்லாம் அக்கா தரையில் இறக்கி வைத்திருந்தாள்.

"ஏன்டா, எப்பதான் கையெழுத்துப் போட்டு இவங்கள அனுப்புவ? தூசி தின்னே வயிறு ரொம்பிடுச்சு."

"புல் பிடிக்கணும்க்கா."

"பிடிச்சுத்தானே இருக்கு? என் ஜன்னல்ல இருந்து பாரு, ஒரே பச்சை."

எட்டு முறை ஒழுங்காக எறிந்தார். அளவு எட்டவில்லை, மேல்முனையில் ஒரு பட்டை மொட்டையாகக் கிடந்தது. ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் திரும்பிப் பார்த்தார்.

கையெழுத்து விழுந்ததும், மண்ணைத் தடுத்த சாக்கு வேலியைக் கழற்றிக்கொண்டு லாரிகள் போய்விட்டன. அக்கா பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினாள்.

பன்னிரண்டாம் நாள் கொட்டிய மழையில், மொட்டைப் பட்டையிலிருந்துதான் மண் இறங்கியது. அக்கா மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

விசாரணையில் அந்த இரண்டு கட்டங்களைப் பற்றி அவரே சொன்னார். பத்தில் இரண்டுதானே, மழைதான் அளவு மீறிவிட்டது என்று முடித்துவிட்டார்கள். காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை.

வீடு இருந்த இடத்தையும் சமன் செய்து விதைத்தார்கள். ஒரு வருடம் கழித்து, பார்க்க வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார் மேலாளர். கட்டக்காரர் விடவில்லை. முதுகைக் காட்டி, கண்ணையும் மூடிக்கொண்டு எறிந்தார். பத்திலும் விரல் வைக்க வெறும் மண் இல்லை. நூறு என்று அவர் எழுதியது அன்றுதான் முதல் தடவை.

படிவத்தின் கடைசிக் கேள்வி: நிலம் பழைய நிலைக்குத் திரும்பியதா?

மாலையில் மேலாளர் போன் செய்தார். "என்ன சார், நூறுன்னு போட்டுட்டுக் கீழ 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க?"

"அங்க ஒரு ஜன்னல் இருந்துச்சு தம்பி" என்றார்.