வறுத்த தேயிலையும் பனங்கட்டியும்

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், ரொறன்ரோ நகரின் நடுவே நான் வேலை செய்யும் ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் இது நடந்தது.

அப்போது என் வலது கை எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பெருவிரலும் அதற்கு அடுத்த விரல்களும் திடீரென்று விறைத்துவிடும். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது, சிறிய சத்திரசிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நெடுநாள் காத்திருந்து அதற்குத் திகதியும் கிடைத்தது. ஆனால் எனக்குச் சீனி வருத்தமும் இருந்தது. இரத்தத்தில் சீனி இறங்கினால்தான் சத்திரசிகிச்சை, இல்லாவிட்டால் அந்தத் திகதி வேறொருவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குக் கைதான் பிழைப்பு. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த என்னை, கத்தி நழுவத் தொடங்கியதும் தட்டுக் கழுவும் பக்கத்துக்கு மாற்றினார்கள். அங்கும் கிண்ணங்கள் கைதவறி உடைந்தன. முதலாளி வந்து உடைந்தவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சோற்றைக் குறைத்தேன். பஸ்ஸில் ஒரு தரிப்பு முன்னதாக இறங்கி நடந்தேன். தகரத்தில் வரும் இனிப்பான ரின்பால் விட்ட தேத்தண்ணியை மட்டும் விட முடியவில்லை. காலையில் எழும்பியதும் ஒன்று, வேலைக்குப் போனதும் ஒன்று, பிறகு கணக்கில்லை. இரவில் நித்திரை வராது. நெஞ்செரிவும் இருந்தது.

ஒருநாள் மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம் சமையலறையில் ஏதோ கருகும் மணம் வந்தது. சோறும் தேநீரும் தயாரிக்கும் ஜப்பானியப் பெண்மணியின் அடுப்பிலிருந்துதான் வந்தது. அவருக்கு ஏறத்தாழ என் வயது இருக்கும். சட்டியில் இலைகள் மண்ணிறமாகிக்கொண்டிருந்தன. அவர் மறுபக்கம் திரும்பி நின்று ஏதோ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு யாரையும் கூப்பிட்டுப் பேசக் கூச்சம். அதனால் சத்தம்போடாமல் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவர் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அடுப்பை மறுபடி மூட்டி, சட்டியைக் குலுக்கிக் குலுக்கி வறுத்துக் காட்டினார். பழசாகி மணம் குறைந்த பச்சைத் தேயிலையை அப்படி வறுத்துக் குடிப்பது அவர்களுடைய வழக்கமாம். பிறகு ஒரு கிண்ணம் ஊற்றித் தந்தார். வறுத்த மல்லிக் கோப்பிக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணம். கசப்பு இல்லை.

இருவருக்கும் தெரிந்தது சமையலறை ஆங்கிலம்தான். நல்லது, வயிற்றை எரிக்காது, நித்திரையைக் கெடுக்காது என்று அவர் பாதி கையாலும் பாதி வாயாலும் சொன்னார். வறுக்கும்போது அதன் கடுமை குறைந்துவிடுகிறதாம். அவருடைய ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்களாம். அன்றைக்கு ஒரு பொதி கட்டியும் தந்தார்.

வீட்டில் மனைவி பொதியைப் பிரித்து மணந்து பார்த்தா.

"என்னப்பா இது, அடிப்பிடிச்ச தேயிலையைக் காசு குடுத்தே வாங்கினனீங்கள்?"

"சும்மா தந்தது. குடிச்சுப் பாருமன்."

"எனக்கு வேண்டாம். முதல்ல நீங்கள் குடியுங்கோ. உங்களுக்கு ஒண்டும் நடக்காட்டி நான் குடிக்கிறன்."

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ரின்பால் தேத்தண்ணியை விட்டேன். சில வாரங்களில் நெஞ்செரிவு குறைந்தது. இரவில் படுத்தால் நித்திரை வந்தது. பிறகு மனைவியும் குடிக்கத் தொடங்கினா.

ஆனால் வெறும் தண்ணியாக எதையும் குடிக்க என் நாக்கு பழகவில்லை. எங்களுடைய ஆட்கள் சீனி போடாத தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிப்பார்கள். நானும் அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் பனங்கட்டி தேடினேன். பனையோலைக் குட்டான்களில் வந்திருந்தது. சீனி வருத்தத்துக்குக் கூடாதோ என்று கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணை, பயப்பிடாமல் கடியுங்கோ. இது மிசின்ல செய்யிற வெள்ளைச் சீனியே? பனையில இருந்து வாறது. சீனிக்காரருக்கு உதுதான் மருந்து."

அதைச் சின்ன வயதிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். அதனால் நம்பினேன். தேயிலையும் நல்லது, பனங்கட்டியும் நல்லது. கணக்குப் பார்க்காமல் குடித்தேன், கணக்குப் பார்க்காமல் கடித்தேன். வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் பனங்கட்டி சுற்றிய ஒரு கடதாசிச் சரை இருக்கும். ஒரு வாய் தேநீர், ஒரு கடி பனங்கட்டி. வலது கை விறைக்கும் என்பதால் சூடான கிண்ணத்தை இடது கையில் பிடிப்பேன். பனங்கட்டி வலது கையில் இருக்கும்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி இறங்கவில்லை. ஏறியிருந்தது.

எங்கள் குடும்ப வைத்தியர் தமிழ்ப் பெண். கணினியைப் பார்த்தபடி கேட்டார்.

"சோறு குறைச்சனீங்களோ, ஐயா?"

"ஓம்."

"தேத்தண்ணிக்குச் சீனி?"

"போடுறேல்லை, டொக்டர்."

"கேக், சோடா?"

"தொடுறேல்லை."

"அப்ப உது எங்கயிருந்து ஏறுது?"

எனக்குத் தெரியவில்லை. நான் பொய் சொல்லவில்லை. பனங்கட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை, அது சொல்ல வேண்டிய ஒன்று என்று எனக்கும் தோன்றவில்லை. வறுத்த தேநீரைப் பற்றிச் சொன்னேன். நல்லது, ரின்பால் தேத்தண்ணிக்கு அது எவ்வளவோ மேல், ஆனால் மருந்தில்லை என்றார். குளிசையின் அளவைக் கூட்டினார். சத்திரசிகிச்சைக்கு முன் இன்னும் ஒரு பரிசோதனைதான் இருக்கிறது, அதிலும் இப்படியே இருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மனைவி பழியைத் தேயிலையில் போட்டா. "நான் அண்டைக்கே சொன்னனான். கருகினதைக் குடிச்சா இப்பிடித்தான். உந்த யப்பான் தண்ணியை விடுங்கோ." எனக்கும் அப்படித்தான் பட்டது. புதிதாக என் வாழ்க்கையில் வந்தது அது ஒன்றுதானே.

ஆனால் அந்தப் பெண்மணி கிண்ணத்தை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் தொடர்ந்து வாங்கினேன். வழக்கமாக அதை எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு வெளியே போய்விடுவேன். ஒருநாள் வெளியில் குளிர் தாங்க முடியாமல் கதவுக்கு உள்ளேயே நின்று குடித்தேன். நான் கடிப்பதை அவர் கண்டுவிட்டார். என்ன அது என்று கேட்டார். ஒரு துண்டு கொடுத்தேன். வாயில் போட்டதும் அவர் முகம் மாறியது. சந்தோஷத்தில்தான் மாறியது. அவர் ஜப்பானின் தெற்கில் ஒரு தீவில் பிறந்தவர். அங்கே கரும்பிலிருந்து இதே நிறத்தில் கறுப்புச் சீனிக்கட்டி செய்வார்களாம். அதையும் இப்படித்தான் தேநீரோடு கடிப்பார்களாம்.

"சுகர்," என்றார்.

"நோ, நோ. மெடிசின்," என்றேன். என் சட்டைப் பையைத் தொட்டு, "டயபிட்டிஸ். குட்," என்றும் சொன்னேன்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. என் வலது கையைப் பார்த்தார். கிண்ணங்கள் உடைவதையும் சத்திரசிகிச்சைத் திகதியையும் சமையலறையில் எல்லோரும் அறிவார்கள். அவர் தன் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். அவருடைய கணவர் பூங்கா வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கக் காற்சட்டை முழங்காலோடு மடித்துக் குத்தப்பட்டிருந்தது, அதற்குக் கீழே கால் இல்லை. அவரும் சீனி வருத்தக்காரர். அவரும் தேநீர் நல்லது, கறுப்புச் சீனி நல்லது என்று சொல்லிக்கொண்டே கடித்தவராம்.

"சேம்," என்றார். "சேம் சுகர்."

பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினார். நான் சரையை எடுத்து அதில் வைத்தேன். அவர் அதைக் குப்பையில் போடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. சமையலறை அலுமாரித் தட்டில் வெள்ளைச் சீனி வாளிக்குப் பக்கத்தில், கரும்புச் சீனிப் போத்தலோடு சேர்த்து அதை வைத்தார். அது இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சீனியைப் பற்றி வைத்தியர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். ஆனால் அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெறும் தேநீர் முதல் நாட்களில் தொண்டையில் இறங்கவில்லை. அவர் கிண்ணத்தைத் தந்துவிட்டு எதிரில் நிற்பார். நான் குடித்து முடித்த பிறகுதான் போவார். மெல்ல மெல்ல அந்த வறுத்த மணமே இனிப்பாகத் தெரியத் தொடங்கியது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி மிச்சப் பனங்கட்டியை எடுத்துக் கட்டி வைத்தா. பிறகு, "அப்ப கடைக்காரனுக்கு ஆர் சொல்லுறது?" என்றா. நான் சொல்ல மாட்டேன் என்று அவவுக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை கடைக்கு அவவே போனா.

கடைசிப் பரிசோதனையில் சீனி வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. பனங்கட்டியை விட்டதோடு கூட்டிய குளிசையும் நடையும் அதில் இருக்கின்றன, அந்தப் பெயரைத் தேநீருக்கு மட்டும் நான் கொடுக்க மாட்டேன். சொன்ன திகதியிலேயே சத்திரசிகிச்சை நடந்தது. கை ஆறியதும் மறுபடி மரக்கறி வெட்டப் போனேன். அன்றைக்கு நான் வெட்டிய முதல் முள்ளங்கியில் ஒரு துண்டை அந்தப் பெண்மணி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுத் தன் அடுப்புக்குப் போனார்.

இப்போது சொந்தக்காரர் சிலர் என்னைக் கூப்பிட்டு, வறுத்த தேயிலை குடித்தால் சீனி இறங்குமாமே என்று கேட்கிறார்கள். நித்திரை வரும், நெஞ்சு எரியாது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம், கிண்ணத்தைப் பிடித்த கையை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றக் கையில் இருந்ததை நான் எத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன் என்பதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.