பத்துப் பத்துப் பேராகப் பார்த்த கல்யாணம்

கோர்ட்டில் கேட்டு வாங்கித்தான் என் கல்யாணம் நடந்தது என்று சொன்னால், இந்தக் காலத்துப் பெண்கள் ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டு கண்ணடிக்கிறார்கள். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. காரணம் வாந்திபேதி.

யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்த இரண்டாம் வருஷம், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அந்த நோய் பரவியது. ஒரே வாரத்தில் எங்கள் வரிசையில் மூன்று வீடுகளைப் பூட்டினார்கள். எங்கேயும் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு போட்டு, அதைக் கொண்டுவந்து குழாயடியில் ஒட்டினார்கள். அதை வாசிக்கவே முப்பது பேர் கூடினார்கள்.

அதே வாரம்தான் சியாமில் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரன் ஆள் அனுப்பும் இரண்டாவது பட்டியலும் வந்தது. எனக்குப் பேசி முடித்திருந்தவர் ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தார். அவர் பெயர் பட்டியலில் இருந்தது. இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. அப்பாவின் அக்காதான் என்னை வளர்த்தாள். அத்தை ஆஸ்பத்திரியில் ஆயா. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, குரல் மட்டும் பத்தடி. போகிறவர்களின் மனைவிக்குக் குவாட்டர்ஸில் இருக்க இடமும் அரிசிக் கார்டும் உண்டு என்று யார்டில் சொல்லியிருந்தார்கள். பேசி வைத்த பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது. ஆகவே அவர் கிளம்புவதற்குள் நான் மனைவியாகிவிட வேண்டும்.

நாலு பேரைக் கூட்டிப் போய்க் கோயிலில் தாலி கட்டிவிடுங்களேன் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அத்தை கேட்கவில்லை. பின்வரிசைப் பெண் ஒருத்தி அப்படித்தான் கட்டிக்கொண்டாள். புருஷன் சியாமுக்குப் போன மறுமாதமே மாமியார், “எந்தக் கல்யாணம்? யாரு பாத்தா?” என்று கேட்டு அவளை வெளியே தள்ளினாள். பார்த்த நாலு பேரில் இரண்டு பேர் புருஷனோடு அதே ரயிலில் போயிருந்தார்கள். ஒருவர் காய்ச்சலில் செத்துப் போனார். மிச்சமிருந்தவர் மாமியாரின் தம்பி. எங்கள் கல்யாணங்களுக்கு அப்போது பத்திரம், பதிவு எதுவும் கிடையாது. பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஜனம்தான் பத்திரம்.

“இந்தக் காலத்துல பத்து பேரு பத்து மாசம் தாங்க மாட்டாங்க. எனக்கு நூறு பேரு பாக்கணும்” என்றாள் அத்தை.

போலீஸ் ஸ்டேஷனில் முடியாது என்றார்கள். சுகாதார ஆபீசில் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள். அத்தை நேரே பாசார் கடைத்தெருவுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கடைவரிசை அஞ்சடித் தாழ்வாரத்தில் ஒரு மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருப்பார். முன்பு துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன். துணியே வராமல் போனதும் கடையை மூடிவிட்டு டைப்ரைட்டரோடு அங்கே வந்துவிட்டவர்.

“உத்தரவ எதுத்து மனுவா? என்னையும் சேத்துல்ல உள்ள வச்சிருவான்!” என்றார்.

“எதுக்கலண்ணே, கேக்குறேன். கேக்குறதுக்குன்னு கோர்ட்டுல ஒரு ஆள ஒக்கார வச்சிருக்காங்கல்ல, அவருகிட்ட கேக்குறேன்.”

அவர் வெகுநேரம் தாடியைத் தடவினார். பிறகு தாளைச் சொருகினார். மனுவின் அடியில், எழுதியவர் தன் பெயரையும் போட வேண்டும். அந்த நாளில் ஒரு காகிதத்தில் பெயர் இருந்தாலே ஆளைத் தேடி வருவார்கள். அவர் போட்டார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் பழைய ஆள்தான். சுவரில் கொடி மட்டும் புதிது. அவருக்குப் பக்கத்தில் வாளை முழங்காலில் சாய்த்துக்கொண்டு ஒரு ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தார். சுகாதார இன்ஸ்பெக்டர் எழுந்து, கூட்டம் கூடினால் நோய் பரவும், உத்தரவைத் தளர்த்த முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் அத்தையைப் பார்த்தார்.

“நான் வாந்திபேதி வார்டு ஆயா, துவான்” என்று மலாய் மரியாதையோடு ஆரம்பித்தாள் அத்தை. “மூணு வாரமா அள்ளிக் கொட்டிக்கிட்டு இருக்கேன். உத்தரவு தப்புன்னு நான் சொல்லல. அந்த நோய் வாய் வழியா போவுது. சாட்சிக்கு வாய் வேணாம், கண்ணு போதும். சாப்பாடு போட மாட்டேன். ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்டேன். வந்து பாத்துட்டுப் போவட்டும்.”

“கூட்டம்னா ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

“போன மாசம் பாடாங்கு மைதானத்துல கொடிக்கு வணக்கம் போட ஊரே நின்னோம். ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு கை தூரம். நிப்பன் துரைமாருங்க எவ்வளவு ஒழுங்கா நிக்கச் சொல்லிக் குடுத்தாங்க! அங்க நின்ன மாதிரியே இங்கயும் நிப்போம், துவான்.”

மனு எழுதிய அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். அந்த மைதானத்தில் ஊர் கூடி நின்றது ஆபத்து என்று யாரை வைத்துக்கொண்டு சொல்வது? மூடிக்கொண்டார். மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டு ஜப்பான் அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தலையைக் குனிந்துகொண்டு, துடைத்தார் துடைத்தார் அப்படித் துடைத்தார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நான் இப்போதும் நம்புகிறேன்.

தீர்ப்பு இதுதான். உத்தரவு உத்தரவாகவே இருக்கும். பார்க்க வருகிறவர்கள் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. ஆனால் பத்துப் பேர் பார்த்துவிட்டுப் போன பிறகு வேறு பத்துப் பேர் வருவதை அந்த உத்தரவு தடுக்கவில்லை. பகலில், வெட்டவெளியில், ஒரு கை தூரம் விட்டு நிற்க வேண்டும். சாப்பாடு கூடாது.

அத்தை வெற்றி வீரன் மாதிரி வெளியே வந்தாள். பாதி வழியில் நான்தான் பயந்து பயந்து கேட்டேன்.

“அத்தை, தாலி கட்டுறது ஒரு நிமிஷந்தானே? மொதல்ல நிக்கிற பத்து பேருதானே அதப் பாப்பாங்க?”

அத்தை நடுரோட்டில் நின்றுவிட்டாள். ஜெயித்த சந்தோஷத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை. கோர்ட்டில் இருந்த யாருக்குமே தோன்றவில்லை.

“முகூர்த்தம் எவ்வளவு நேரம்னு பூசாரி சொன்னாரு?”

“ஒன்றரை மணி நேரம்.”

“அப்ப ஒன்றரை மணி நேரமும் கட்டட்டும்!”

வரிசைக்குப் பின்னால் இருந்த திடலில் கல்யாணம். நோய்க்குத் தெளிக்கிற சுண்ணாம்புத் தூளை வாங்கி, அத்தை தரையில் பத்து வட்டம் போட்டிருந்தாள். எங்கள் வழக்கப்படி முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் அவர் தங்கை போடுவது. அவர் மஞ்சள் கயிற்றை என் கழுத்தில் சுற்றி, இரண்டு முனையையும் பின்னால் சேர்த்துப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பத்துப் பேர் வந்தார்கள். “கட்டுறாரு பாருங்க, நல்லாப் பாத்துக்குங்க” என்றாள் அத்தை. அவர்கள் அரிசி தூவிப் போனார்கள். அடுத்த பத்துப் பேர் வந்தார்கள். கிள்ளானிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அவ்வளவு இஷ்டமில்லை. அந்த அம்மாவை அத்தை வேண்டுமென்றே முதல் பத்தில், முதல் வட்டத்தில் நிறுத்தியிருந்தாள்.

ஆறாவது பத்து வந்தபோது என் காதுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

“கை வலிக்குது.”

“வலிச்சா விட்டுருங்க.”

“விட்டா உங்க அத்தை என்னையும் கோர்ட்டுக்கு இழுத்துருவாங்க.”

நான் சிரித்துவிட்டேன். கல்யாணப் பெண் சிரித்ததையும் அந்தப் பத்துப் பேர் பார்த்தார்கள். முகூர்த்தம் முடியும் முன்னால் பத்தாவது பத்து வந்தது. அத்தை தலையசைத்தாள். அவர் முடிச்சைப் போட்டார்.

ஆறு நாள் சேர்ந்து வாழ்ந்தோம். அதில் நாலு நாள் அவருக்கு யார்டில் இரட்டை வேலை. ஏழாம் நாள் ரயில் ஏறினார். சியாமிலிருந்து திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்து வந்தவர்களில் ஒருவர், அவரைப் புதைத்த இடத்தில் தானும் இருந்ததாகச் சொன்னார். எந்தக் கல்யாணம், யார் பார்த்தார்கள் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி செய்து வைத்திருந்தாள் அந்த மகராசி. வார்டு வேலைக்குப் போய் வந்த அதே கையால் எனக்குச் சோறு போட்டவள். அவளைப் போல ஒரு ஆளை நான் பிறகு பார்க்கவே இல்லை.

எங்களிடம் போட்டோ கிடையாது. அவர் முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோயிற்று. ஆனால் என் பிடரியில் அவர் விரல்கள் இருந்தது மறக்கவில்லை. மற்ற பெண்களுக்கு அது ஒரு நிமிஷம். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. எனக்கு அது போதவில்லை.