மரியான் அக்கா

பிரான்சின் லா சப்பல் பகுதி உணவகமொன்றில் என்னோடு வேலைசெய்த அந்தப் பெண், காதை மூடிய கம்பளித் தொப்பியோடுதான் பாத்திரம் கழுவுவார். அகதி விண்ணப்பம் என்னவாயிற்று என்று யார் கேட்டாலும், “மரியான் அக்கா இன்னும் வாய் திறக்கேல்லை” என்பார். பிரெஞ்சு அரசைப் பெண்ணாக்கி அழைக்கும் பட்டப்பெயர் அது.

“ஏன் அந்தப் பேர்?” என்று கேட்டேன்.

“முந்தி இஞ்சை ஏழைப் பெண்டுகளுக்கு வைக்கிற பேராம். அரசனைக் கலைச்ச சனத்தை நக்கலடிக்க அரசன்ரை ஆக்கள் சொன்ன பேராம். பிறகு சனமே அதைப் பெருமையா எடுத்திட்டுது. ஏழைப் பேர்க்காரிக்கு எங்கடை பாடு விளங்குந்தானே, அண்ணை?”

விண்ணப்பம் தள்ளுபடியானது தெரியாமல், “அக்கா என்ன சொன்னா?” என்று பிறகொருநாள் கேட்டுவிட்டேன்.

“அக்கா இல்லை அண்ணை. அரசாங்கம்,” என்றவர் சட்டியைத் தேய்த்தார்.

மறுவாரம் அவர் வரவில்லை. விசாரித்தால் பொலிசுக்கு எட்டி அவருக்கே ஆபத்தாகுமோ என்ற பயத்தில் இன்றுவரை எவரிடமும் கேட்கவில்லை.