தோள்பட்டையில் ஒழுகிய மழைக்கோட்டு

தைவானின் துறைமுக ஊரான கீலூங்கில் மழையைப் பற்றி யாரும் அலுத்துக்கொள்வதில்லை. அலுத்துக்கொள்ள ஆரம்பித்தால் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் அதே பேச்சாகிவிடும். பெய்லிங்கும் அப்படித்தான். காலையில் ஐந்து வயது மகள் நின்நின்னை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றி, தன்னுடைய பெரிய மழைக்கோட்டுக்குள்ளேயே அவளையும் மூடிக்கொண்டு கிளம்புவாள். பாலர் பள்ளியில் அவளை இறக்கிவிட்டு, லியூடுவில் இருக்கும் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போவாள். அங்கே பதினோரு வருஷமாகத் தரம் பார்க்கும் வேலை.

கோட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் அம்மாவின் முதுகுதான்.

"இப்ப எங்கம்மா இருக்கோம்?"

"பாலத்துகிட்ட."

"இப்ப?"

"இன்னும் பாலத்துலதான். சிக்னல்."

இந்தக் கேள்வியைத் தினமும் பத்துத் தடவை கேட்டுச் சலித்துப்போய்த்தான் பெய்லிங் ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினைத் திறந்தாள். பிள்ளைக்கென்று தனிக் கோட்டு. பெரிய தொப்பி, அதன் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு ஜன்னல். மறுநாள் நின்நின் வழி முழுக்க வாய் மூடவில்லை. கப்பல், நாய், மீன் வண்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"நின்நின் அம்மா, எங்க வாங்கினீங்க? என் பொண்ணுக்கும் ஒண்ணு வேணுமே."

"நானே தைச்சது. உங்களுக்கும் தைச்சுத் தரேன்."

அப்படி ஆரம்பித்தது. ஃபோனில் சின்னதாக ஒரு விற்பனைப் பக்கம் திறந்தாள். அக்டோபரில் வாடைக்காற்றோடு மழை இறங்கியதும் கேட்டவர்கள் அறுபது பேரைத் தாண்டினார்கள். யார் கேட்டாலும் பெய்லிங்குக்கு வாயில் வந்தது ஒரே சொல்தான்: சரி. அடுத்த வாரமே வேணுமா, சரி. நிறம் மாற்றித் தர முடியுமா, சரி. தைப்பேயில் யாரோ ஒருத்தி இதே மாதிரிக் கோட்டுக்குத் தவளைக் கண் வைத்து வீடியோ போட்டிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து பெய்லிங்கும் தவளைக் கண் வைக்கத் தொடங்கினாள். ஒரு ஜோடிக் கண்ணுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

தைப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. தைக்காத நேரம்தான் கஷ்டமாக இருந்தது. சிக்னலில் நின்றால் ஃபோன். அரிசி கொதிக்கும்போது ஃபோன். யாராவது இதயம் போட்டிருந்தால் அன்றைக்குப் பூரா மனசு லேசாக இருக்கும். ஒன்றும் வராவிட்டால் நின்நின் பால் சிந்தியதற்குக்கூட எரிந்து விழுவாள். தைப்பேக்காரிக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒருநாளும் படுத்ததில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் ஷிஹாவ் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "எல்லாரும் என் பொண்டாட்டிக்கு ரெண்டு வேலைன்னு நினைக்கிறாங்க. மூணு. மூணாவது அந்த ஃபோனைப் பாக்கறது. அதுக்கு மட்டும் லீவே கிடையாது."

"உங்களுக்கென்ன, மேல உக்காந்து கம்பிய இழுத்தா ஆச்சு."

"ஆமா, மேலேர்ந்து பாத்தாத்தான் கீழ ஓடறவங்க நல்லாத் தெரியுது."

அவள் சூப்பில் முள்ளங்கியைத் தேடினாள்.

நவம்பர் கடைசியில் அந்தப் பதிவு வந்தது. நுவான்நுவான் பகுதியிலிருந்து, யோயோவின் அம்மா என்று பெயர் போட்ட ஒருத்தி எழுதியிருந்தாள்: ஜன்னல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தோள்பட்டை வழியே மழை உள்ளே இறங்குகிறது, பிள்ளை தொப்பலாக நனைந்து பள்ளிக்குப் போனாள், தைக்கத் தெரியாதவர்கள் எதற்குக் கடை திறக்க வேண்டும்.

கடைசி வரியை பெய்லிங் எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்தை மூடினாள். மெஷின் மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினாள். ஷிஹாவ் கேட்டதற்கு, "போதும், நமக்கு ஒத்துவராது" என்றாள். ஒன்பது நாள் அந்த விரிப்பை யாரும் தூக்கவில்லை.

தொழிற்சாலையிலும் கை ஓடவில்லை. அங்கே அவள் வேலை இதுதான்: சால்டரிங் மேஜையிலிருந்து வரும் சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, பழுதிருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவது. சீட்டில் நாலு கட்டம்: என்ன பொருள், எந்த இடத்தில் பழுது, என்ன பழுது, காரணம். ஒரு ஷிஃப்டுக்கு முப்பது, நாற்பது ஒட்டுவாள். எதிர் மேஜையில் சால்டரிங் செய்யும் ஆமான் அவளோடு ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். வாய்த்துடுக்குக்காரி. கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னடி, மூஞ்சி ஊறப்போட்ட துணி மாதிரி இருக்கு?"

பெய்லிங் பதிவைக் காட்டினாள். ஆமான் படித்தாள். பன்றிக்கறித் துண்டைக் கடித்தாள். மறுபடி படித்தாள்.

"சரி, தோள்ல ஒழுகுது. ஏன் ஒழுகுது?"

"தெரியல."

"பாத்தியா?"

"எங்க பாக்கறது. கோட்டு அவங்ககிட்ட இருக்கு. எனக்குத் தைக்கத் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லிட்டாங்க, இதுல பாக்க என்ன இருக்கு."

ஆமான் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். "இன்னிக்குக் காலையில மட்டும் எனக்கு எட்டுச் சிவப்பு ஒட்டிருக்க. பதினோரு வருஷமா ஒட்டற. நான் எந்திரிச்சுப் போய்க் கடல்ல விழுந்தேனா?"

"அது வேற. அது போர்டு. இது நான்."

"அப்ப அந்தப் போர்டை சால்டர் பண்ணது யாரு, பேயா?"

பெய்லிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. ஆனால் சாப்பிட்டு முடித்து மேஜைக்குத் திரும்பிய பிறகு அந்தக் கேள்வி அவளை விடவில்லை. ஆமானின் கையைப் பற்றி அவள் ஒரு சீட்டிலும் எழுதியதில்லை. எழுத அதில் கட்டமே கிடையாது. பொருள், இடம், பழுது, காரணம், அவ்வளவுதான். தெரியாமல் காரணத்தை ஊகித்து எழுதினால் மேலாளர் சீட்டைத் திருப்பி அனுப்புவார். தன் கோட்டுக்கு மட்டும் அவள் எதையும் பார்க்காமலே காரணம் எழுதி முடித்துவிட்டாள்: நான்.

மாலையில் யோயோவின் அம்மாவுக்கு எழுதினாள். கோட்டைப் பார்க்க வேண்டும், நேரில் வரலாமா. உடனே பதில் வந்தது. "பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் பதிவை எடுக்கச் சொல்லப் போறீங்களா?"

"பதிவு இருக்கட்டும். எனக்குக் கோட்டுதான் வேணும்."

சனிக்கிழமை மதியம் போனாள். யோயோவின் அம்மா காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவள். முட்டைச் சுருள் சுடும் இரும்புத் தட்டைச் சுரண்டிக்கொண்டே, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் தலையசைத்தாள். பெய்லிங் யோயோவுக்குக் கோட்டை மாட்டி, கடை முன்நடையில் நிறுத்தி, அகப்பையால் மெதுவாகத் தோளில் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளைக்கு ஒரே கொண்டாட்டம். "இன்னும், இன்னும்" என்றாள். நாலாவது அகப்பையில் வலது தோளின் உள்பக்கம் ஈரம் கசிந்தது.

கோட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். தையல் ஓட்டைகளை மறைக்க உள்ளே சூடுவைத்து ஒட்டும் பட்டை, இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை அவசரமாக இழுத்தால் இப்படித்தான் ஆகும். தவளைக் கண்ணுக்கு நேரம் போதாமல், பட்டைக்கான நேரத்தில் கை வைத்த வாரம் அது.

"என் தப்புதான்" என்றாள் பெய்லிங். "பட்டைய சரியா ஒட்டல. இங்க பாருங்க."

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். கொஞ்சம் தயங்கி, "நானும் ஈரத்தோட சுருட்டி வண்டிப் பெட்டியில போட்டுருவேன்" என்றாள்.

"அதுவும் ஒரு காரணம்."

"நான் அப்படி எழுதியிருக்க வேணாம். அன்னிக்குப் பிள்ளைக்கு ஜுரம். கோவம்."

"ஒழுகுச்சு, எழுதினீங்க" என்றாள் பெய்லிங். சொன்ன பிறகுதான், அது தன் மனசிலிருந்தே வந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

தவளைக் கண் அவசரத்தில் அந்த வாரம் தைத்திருந்த கோட்டுகள் மொத்தம் பதினேழு. பதினேழு பேருக்கும் எழுதினாள்: உங்கள் கோட்டில் இன்ன இடத்தில் பழுது இருக்கலாம், அனுப்புங்கள், சரிசெய்து தருகிறேன். சிலர் ஒழுகவில்லை, பரவாயில்லை என்றார்கள். ஒருத்தி நன்றாகத் திட்டினாள். பதினொன்று திரும்பி வந்தன. அவற்றில் நாலில் பட்டை பிரிந்திருந்தது. பதினொன்றுக்குமே புதிதாக ஒட்டி, குளியலறைக் குழாயின் அடியில் பிடித்துப் பார்த்து அனுப்பினாள். எதிர்பார்த்த அளவு வெட்கமாக இல்லை. வேலை செய்வது போலத்தான் இருந்தது.

பக்கத்தைத் திரும்பத் திறந்தபோது முதல் வரியாக எழுதினாள்: வாரத்துக்கு ஆறு கோட்டு, தவளைக் கண் கிடையாது. கேட்டவர்களில் பாதிப் பேர் காத்திருக்கச் சம்மதித்தார்கள். மீதிப் பேர் தைப்பேக்காரியிடம் போனார்கள். அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இப்போதும் சில சமயம் அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்க்கிறாள், பிறகு எழுந்து போய்த் துணி உலர்த்துகிறாள். ஃபோனைச் சாப்பாடு முடியும்வரை சமையலறை இழுப்பறையில் போடுவது என்று வைத்துக்கொண்டாள். முதல் வாரம் கை தானாக இழுப்பறைக்குப் போனது. ஷிஹாவ் ஒரு தடவை, "உள்ள ஏதாவது அழுவுதா?" என்று கேட்டு அடி வாங்கினான்.

தொழிற்சாலையை விடுவதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. சோறு போடும் வேலை ஒன்று இருப்பதால்தான் தையலை அவசரப்படுத்த வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு. ஆமான் கேட்டால் மட்டும், "உனக்குச் சிவப்பு ஒட்டறதை யாருக்கு விட்டுட்டுப் போறது" என்பாள்.

அடுத்த வருஷம், சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால், தைப்பேயிலிருந்து ஒரு குழந்தைகள் கடை எழுதியது. மாதம் இருநூறு கோட்டு வேண்டும். பழைய பெய்லிங்காக இருந்தால் படித்து முடிப்பதற்குள் சரி என்று அனுப்பியிருப்பாள். விடுமுறை ஐந்து நாளும் யோசித்தாள். பிறகு எழுதினாள்: மாதம் இருபது தர முடியும், ஏப்ரலிலிருந்து, ஒவ்வொன்றும் தண்ணீர் ஊற்றிச் சோதித்தது.

பதில் வரவில்லை. முதல் வாரம் எதிர்பார்த்தாள். பிறகு மகளின் பள்ளி விழா, தொழிற்சாலையில் தணிக்கை, வழக்கமான ஆறு கோட்டு என்று நாள் ஓடியது. மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து ஒரு வரி வந்தது, இருபதே போதும், அனுப்புங்கள் என்று. பெய்லிங் அன்று அதைப் பார்க்கவில்லை. மழை விட்டிருந்தது, மூன்று பேரும் கப்பல் பார்க்கப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகுதான் பார்த்தாள்.