கேட்டுக்கு வெளியே நின்ற ஞாயிற்றுக்கிழமைகள்

என் மகளே, என் மகனே, போன வாரம் வடலூர்க் கல்யாண மண்டபத்தில் நமக்குப் பின்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைப் பற்றி, "கெட்டிக்காரன்டி அவன். கான்ட்ராக்ட்ல இருந்துகினே பர்மனென்ட்டா ஒருத்தியப் புடிச்சிட்டான்" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பாயசத்தைத் தொடவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மகளே, உன்னைப் பெற்ற அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பர்மனென்ட். நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன் பிறகு அவருக்குப் பதிலாக உன் அம்மாவுக்குப் பர்மனென்ட் வேலை கொடுத்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேட் பாஸ் எழுதும் அறையில் மேசை போட்டு உட்கார்ந்தாள். மகனே, உன்னைப் பெற்றவள் உனக்கு இரண்டு வயதில் காய்ச்சலில் போனாள். நீயும் நானும் கம்மாபுரத்தில் ஒற்றை அறையில் இருந்தோம். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை வாரும் கான்ட்ராக்ட் வேலை எனக்கு. எங்கள் ஆட்களின் வருகைத் தாளைத் திங்கள்தோறும் பாஸ் அறையில் கொடுப்பதும் என் பொறுப்பு.

தாளை வாங்கும்போதெல்லாம் உங்கள் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள். "பி குரூப்புக்கு இந்த வாரம் என்னா ஷிப்ட்டுங்க?"

அவள் வீட்டுக்காரர் பி குரூப்பில் இருக்கிறார் போலிருக்கிறது, வீட்டில் கேட்டால் சிடுசிடுப்பார் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒழுங்காக விசாரித்து வந்து சொல்வேன். ஒரு திங்கட்கிழமை நைட் ஷிப்ட். எனக்கு அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சாருக்கு நைட்டு மேடம். பகல்ல குக்கர வெச்சி விசில் வுடாதீங்க, மனுசன் தூங்கணும்."

அறையில் எல்லார் பேனாவும் நின்றுவிட்டது. உங்கள் அம்மா என்னையே பார்த்தாள். சட்டென்று சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"யோவ், அந்தம்மா வூட்டுக்காரரு தவறி ரெண்டு வருசம் ஆவுதுய்யா!"

அடுத்த திங்கள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு வருசமா எங்கிட்ட யாரும் அவரப் பத்திச் சிரிச்சிகினு பேசுனது இல்லீங்க. நீங்கதான் பேசுனீங்க. அவரு இருந்த பி குரூப்பு ஷிப்ட்டு தெரிஞ்சா அந்த நேரத்துக்கு எழுந்து சுடுதண்ணி வெச்சிடுவேன். தெரியலன்னா எந்நேரத்துக்கு என்ன பண்றதுன்னே புரியல."

"நானும் அப்படித்தான் மேடம். இல்லாத பொண்டாட்டிகிட்ட தெனம் காலைல சீப்பு எங்கன்னு சத்தமா கேக்குறேன். நாலு வயசுப் பையந்தான் எடுத்துகினு வரான்."

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் தாள் கொடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர் மாங்காய்க்கு உப்பே தொட்டுக்கொள்ள மாட்டார் என்று அவள் சொல்வாள். என் வீட்டுக்காரி பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவாள் என்று நான் சொல்வேன். இறந்துபோன இரண்டு பேரைப் பற்றி அவ்வளவு சிரிக்கலாம் என்பது எங்கள் இருவருக்குமே புதிது.

மாதங்கள் போயின. ஒரு திங்கள் அவள் தாளை வாங்கிக்கொண்டு, ஷிப்ட் கேட்காமலே அடுத்த வேலையைப் பார்த்தாள். பழக்கத்தில் நானே, "பி குரூப்புக்குச் செகண்ட் ஷிப்ட் மேடம்" என்றேன்.

"சரி, அவங்க போயிட்டு வரட்டும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தைரியம் வந்தது. இரண்டு வாரம் கழித்து, என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சிவக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "ஞாயித்துக்கெழம பையனக் கூட்டிகினு வூட்டுக்கு வாங்க. எம்பொண்ணு உங்களப் பாக்கட்டும். நானும் பாக்குறேன். அப்பறம் சொல்றேன்" என்றாள்.

அதற்குள் எங்கள் ஆட்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "குடுத்து வெச்சவன்டா! கம்பெனி குவார்ட்டர்ஸு, ஆஸ்பத்திரி எல்லாம் தாலி கட்டுன கையோட வருது" என்றான் ஒருவன். எனக்குச் சுருக்கென்றது. கல்யாணம் முடியும்வரை அந்தக் குவார்ட்டர்ஸில் காலே வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அதைத்தான் ரோஷம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, நானும் வெளியே நின்றேன். நீங்கள் இருவரும் உள்ளே மாமரத்தடியில் ஓடி விளையாடினீர்கள். உங்கள் அம்மா டீயைக் கேட் தூண் மேல் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர், "என்னாம்மா, புது செக்யூரிட்டியா? யூனிபார்ம் குடுக்கலியா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்புதான். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஆறாவது ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் வீட்டுக்குள் ஓடிவிட்டீர்கள். நான் ரோட்டோர மரத்தடியில் ஒதுங்கினேன். வாசலில் நின்று அவள் கத்தினாள்.

"பர்மனென்ட்டுக்காரி வூட்டு வாசப்படி சுடுதாங்க உங்களுக்கு?"

"அப்படியில்ல மேடம். நாளைக்கு நாலு பேரு, குவார்ட்டர்ஸுக்காகத்தான் வந்தான்னு..."

"அந்த நாலு பேரா என்னியக் கட்டிக்கப் போறாங்க?" மழையிலேயே இறங்கிக் கேட் வரைக்கும் வந்துவிட்டாள். "ரெண்டு வருசம் வராத ஆளுக்காவ சுடுதண்ணி வெச்சிகினு கெடந்தேன். இப்ப வந்த ஆளும் வெளியவே நிக்கிறாரு. வாரா வாரம் கேட்டப் பாத்துகினு இருக்க இனிமே எனக்குத் தெம்பு இல்லீங்க. உங்க பேரக் காப்பாத்திக்கிறதுன்னா பையனக் கூட்டிகினு கெளம்புங்க. என்னியக் கட்டிக்கிறதுன்னா உள்ள வாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வாரமாக நான் என் மானத்தைப் பார்த்தேன், வாசலில் அவள் காத்து நின்றதைப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு போனேன். நிலைப்படியில் கால் வைத்ததும் நீ, மகளே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அங்கிள், தரையெல்லாம் ஈரமாவும். அங்கியே நில்லுங்க" என்றாய். நான் அப்படியே நின்றேன்.

"அவ நிக்கச் சொன்னா நிக்கிறீங்க. நான் வரச் சொன்னா வரமாட்டீங்க" என்று உங்கள் அம்மா சொன்னாள். அந்த ஆறு வாரத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். துண்டை என் மேல் வீசிவிட்டு, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நாள் கேளுங்க" என்றாள். மேடம் என்று கூப்பிடுவதை மட்டும் மாலை மாற்றும்வரை என்னால் விட முடியவில்லை. அங்கேயும் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லி, சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த மண்டபத்து அம்மாள் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். நான் யாரையும் பிடிக்கவில்லை. மழையில் முறுக்கிக்கொண்டு நின்றவனை உங்கள் அம்மா உள்ளே கூப்பிட்டாள். நான் இன்றைக்கும் கான்ட்ராக்ட்தான். அவள் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு வீடு பார்ப்போம். அந்த வீட்டுக்கும் அவளோடு சேர்ந்தே உள்ளே போவேன். இனி யாராவது அப்படிப் பேசினால் தலை குனியாதீர்கள், பாயசத்தையும் விடாதீர்கள்.

கல்யாணமான வாரம் ஒரு கூட்டாளி வந்து, கேட்டில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையைக் காட்டினான். அது மகளே, உன் அப்பா தன் கையாலேயே எழுதி மாட்டியது. வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்து, நடுவில் ஓர் எழுத்து உரிந்தே போயிருந்தது. "இத அழிச்சிட்டு உம்பேர எழுதுடா. இன்னும் என்னா?" என்றான்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடப் பை வாங்க உங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நான் சின்ன டப்பாவில் கறுப்புப் பெயின்ட்டும் மெல்லிய பிரஷும் வாங்கி வந்தேன். பலகையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பெயரின் மேலேயே அவர் பெயரை, ஒவ்வோர் எழுத்தாக, கோடு தாண்டாமல் எழுதினேன். உரிந்த எழுத்தை மட்டும் என் கையெழுத்தில் போட வேண்டியிருந்தது, அது கொஞ்சம் சாய்ந்துவிட்டது. காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அது இருந்த ஆணியிலேயே திரும்ப மாட்டினேன்.